இறுதி நாட்களில் வலி தணித்தல்: படுக்கையருகில் இருப்பவருக்கான முழு வழிகாட்டி

நோயைக் குணப்படுத்தும் கட்டம் முடிந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன அன்றே இரண்டு பொருட்களைக் கட்டிலுக்கு அருகில் வைத்துவிடுங்கள். ஒன்று, தூரத்திலிருந்தும் மணி தெரியும் கடிகாரம். இன்னொன்று, பேனா கட்டித் தொங்கவிட்ட குறிப்பேடு. இறக்கும் நிலையில் இருப்பவர்களின் பக்கத்தில் செவிலியாகப் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். வலி அடங்காமல் துடித்தவர்கள் பலரின் அலமாரியில் மருந்து இருக்கத்தான் செய்தது. "ரொம்ப வலித்தால் கொடுக்கலாம்" என்று வீட்டார் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பைக் கைவிட வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே வரும் அளவுகள், மருத்துவர் எழுதித் தரும் சீட்டு ஏன் அப்படி இருக்கிறது என்று உங்களுக்குப் புரிவதற்காக மட்டுமே. அவற்றை வைத்து நீங்களாக ஒரு மருந்தைத் தொடங்கவோ, கூட்டவோ, நிறுத்தவோ வேண்டாம்.

படி 1: நெருக்கடி வருவதற்கு முன்பே கேட்டுவைக்க வேண்டியவை

நள்ளிரவில் வலி முற்றினால் யாரை அழைப்பது? எந்த மருந்தை, எவ்வளவு, எத்தனை முறை கூடுதலாகக் கொடுக்கலாம்? மாத்திரையை விழுங்க முடியாமல் போனால் மாற்று என்ன? இந்த மூன்று கேள்விகளுக்கும் மருத்துவரிடம் எழுத்தில் பதில் வாங்கி, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வலி, குமட்டல், மனக்கலக்கம், தொண்டையில் சளி இரைதல் ஆகிய நான்கும் கடைசி நாட்களில் வரக்கூடும் என்பது முன்பே தெரிந்ததுதான். அவற்றுக்கான ஊசி மருந்துகளை முன்கூட்டியே எழுதி வாங்கிவைப்பது நல்ல நோய்த்தணிப்புப் பராமரிப்பின் வழக்கம். இரவு இரண்டு மணிக்கு மருந்துக்காக அலைவது யாருக்கும் நல்லதில்லை.

அதே சந்திப்பில், எந்த மருந்துகளை நிறுத்தலாம் என்றும் கேளுங்கள். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் வைட்டமினும் பல ஆண்டுகளுக்குப் பிறகு பலன் தருபவை; நாட்களை எண்ணும் நிலையில் அவை விழுங்கும் சிரமத்தை மட்டுமே கூட்டும். ஆனால் வலிப்பு நோய்க்கான மருந்தையும் நீண்ட நாள் எடுத்துவந்த ஸ்டீராய்டையும் திடீரென நிறுத்தக்கூடாது. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவருக்கு இன்சுலினையும் முழுவதுமாக நிறுத்துவதில்லை.

நோயாளியின் விருப்பத்தைக் கேட்கவும் இதுவே நேரம். எங்கே இருக்க விரும்புகிறார், மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதை ஏற்கிறாரா, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டுமா? கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை, கேட்டதற்காகக் கோபித்துக்கொண்ட நோயாளிகள் மிகக் குறைவு. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்களே அதிகம்.

படி 2: வலியைக் கேளுங்கள், பார்க்கவும் பழகுங்கள்

சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலி, பிறகு மருத்துவ சமூகப் பணியாளர், அதன்பின் மருத்துவர். 1967இல் லண்டனில், இறக்கும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். மூன்று வேலைகளையும் பார்த்தவர் என்பதால், இறப்பவரின் வலி உடலோடு நிற்பதில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். உடல் நோவு, மனத்தின் அச்சம், குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை, "ஏன் எனக்கு" என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததை 'முழு வலி' என்று அழைத்தார். இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை. மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போயும் வலி இறங்காவிட்டால், வேறு எது வலிக்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பேசாமல் இருக்கும் மகனிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்த அன்று இரவு, கூடுதல் மருந்தே கேட்காமல் தூங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேசக்கூடியவரிடம் கேட்க வேண்டியவை: எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, 0 முதல் 10 வரை எண் கொடுத்தால் எவ்வளவு? எண் சொல்லத் தயங்குபவரிடம் "கொஞ்சமா, நடுத்தரமா, தாங்க முடியாததா" என்று கேட்டால் போதும். "எப்படி வலிக்கிறது" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். எரிச்சல், சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, மரத்துப்போதல் என்று சொன்னால் அது நரம்பு வலியாக இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் ஆழமாக, அசைந்தால் கூடும் வலி எலும்பிலிருந்து வரலாம். வயிறு முறுக்கி முறுக்கி விடுவது குடலிலிருந்து வரலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நோயாளி சொன்ன சொல்லை அப்படியே குறிப்பேட்டில் எழுதுங்கள். "வலி" என்று மட்டும் எழுதிவைத்தால் மருத்துவருக்கு அதனால் பயன் குறைவு.

பேச முடியாதவரிடமும் மறதி நோய் முற்றியவரிடமும் ஐந்து இடங்களைப் பாருங்கள்: மூச்சு விடும் விதம், முனகல், முகம், உடலின் இறுக்கம், தொட்டுப் பேசினால் அமைதியாகிறாரா என்பது. செவிலியர் பயன்படுத்தும் ஒரு மதிப்பீட்டு முறையில் இந்த ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் உண்டு, மொத்தம் 10. நெற்றிச் சுருக்கமும் இறுக மூடிய கைவிரல்களும் என் கண்ணில் முதலில் படும் அடையாளங்கள். புரட்டும்போது கை உங்கள் கையைத் தள்ளுகிறதா என்றும் பாருங்கள். அமைதியாகப் படுத்திருக்கிறார் என்பதாலேயே வலி இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். அசைந்தால் வலிக்கும் என்று அசையாமல் கிடப்பவர்களும் உண்டு.

படி 3: மருந்தைக் கடிகாரத்தோடு கட்டுங்கள்

1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்காக மூன்று படி ஏணி ஒன்றை வெளியிட்டது. முதல் படியில் பாராசிட்டமால் போன்றவை, இரண்டாம் படியில் கோடீன் போன்ற மிதமானவை, மூன்றாம் படியில் மார்பின். பிற்காலத் திருத்தத்தில் ஏணிக்கு இருந்த முக்கியத்துவம் குறைந்துவிட்டது. கடும் வலியில் இருப்பவரை ஒவ்வொரு படியாக ஏறவைக்கத் தேவையில்லை. ஆனால் ஏணியோடு வந்த மற்றக் கொள்கைகள் நிலைத்துவிட்டன: முடிந்தவரை வாய்வழி, கடிகாரப்படி, ஆளுக்கேற்ப, சிறு விவரங்களிலும் கவனம்.

'கடிகாரப்படி' என்பதுதான் வீடுகளில் முதலில் தவறும் கொள்கை. சாதாரண மார்பின் மாத்திரையோ திரவமோ வாய்வழி கொடுத்தால் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், சுமார் ஒரு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும், ஏறக்குறைய 4 மணி நேரம் நிற்கும். வலி திரும்பிய பிறகு அடுத்த வேளையைக் கொடுத்தால், அது வேலை செய்யும்வரை நோயாளி வலியில் கிடப்பார். இப்படி நாளுக்கு ஆறு முறை என்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு, வேரூன்றிய வலியை அடக்க, வராமல் தடுப்பதைவிட அதிக மருந்து வேண்டியிருக்கும். எனவே காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10, பின்னிரவு 2 என்று நேரத்தை எழுதி, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுங்கள். "வலி இல்லையே, எதற்கு மருந்து?" என்று கேட்பவரிடம், மருந்து இருப்பதால்தான் வலி இல்லை என்று பொறுமையாகச் சொல்ல வேண்டியதுதான். தூக்கம் கெடாமலிருக்கச் சில மருத்துவர்கள் இரவு 10 மணி வேளையை இரட்டித்து, 2 மணி வேளையை விட்டுவிடச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

வேளைகளுக்கு நடுவிலும் வலி பீறிட்டு வரலாம். அதற்கென்று மருத்துவர் தனியாக ஓர் அளவு எழுதித் தருவார். பொதுவாக அது ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. ஓர் எடுத்துக்காட்டு: 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 30. பீறிடும் வலிக்கு 5. நேற்று மூன்று முறை கூடுதலாகக் கொடுத்திருந்தால் மொத்தம் 45. அதை ஆறால் வகுத்தால் 7.5. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் மருத்துவர் அடுத்த நாளின் வேளை அளவை உயர்த்துவார். குறிப்பேட்டில் கூடுதல் வேளை பதிவாகாவிட்டால், நேற்றைய அளவு போதுமாக இருந்தது என்று அவர் நினைத்துக்கொள்வார். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்கு முன் கொடுத்த வேளையைத் தனியாகக் குறியுங்கள். அசைவுக்காகக் கொடுத்ததையும் தானாக வந்த வலிக்காகக் கொடுத்ததையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கு கெடும்.

மார்பின் என்ற பெயரைக் கேட்டதும் வீட்டார் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மூன்று அச்சங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, அடிமையாகிவிடுவார் என்பது. உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, போதைக்காக ஏங்குவது வேறு. வலிக்காக, கண்காணிப்போடு எடுக்கும் இறுதிக்கட்ட நோயாளியிடம் இரண்டாவது அரிது. அடுத்தது, இப்போதே கொடுத்துவிட்டால் பிறகு வேலை செய்யாது என்பது. மார்பினுக்கு எல்லோருக்கும் பொதுவான உச்ச வரம்பு கிடையாது. வலி கூடினால் அளவையும் கூட்ட இடமுண்டு. மூன்றாவது, மூச்சை நிறுத்திவிடும் என்பது. வலிக்கேற்பச் சிறிது சிறிதாக உயர்த்தும்போது அந்த ஆபத்து குறைவு. எழுப்பவே முடியாத தூக்கம், குண்டூசி முனை போலச் சுருங்கிய கண்மணி, நிமிடத்துக்கு 8க்கும் குறைந்த மூச்சு ஆகியவை சேர்ந்து வந்தால், அடுத்த வேளையைக் கொடுக்கும் முன் உடனே மருத்துவரை அழையுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்பினின் கழிவுகள் உடலில் தங்கிவிடும். கை கால் திடுக்கிட்டுத் துள்ளுவதும் இல்லாததைக் காண்பதும் அதன் அடையாளங்கள். அப்படிப்பட்டவருக்கு ஃபென்டானில் போன்ற வேறு மருந்து பொருத்தமாக இருக்கும்.

பக்க விளைவுகளில் முதல் எதிரி மலச்சிக்கல். தூக்கக் கலக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் குறையும், குமட்டல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். மலச்சிக்கல் மட்டும் மார்பின் இருக்கும்வரை இருக்கும். ஆகவே மார்பின் தொடங்கும் அன்றே சென்னா, பிசகோடில் போன்ற குடலைத் தூண்டும் மருந்தையும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். குடல் அடைப்பு உள்ளவருக்கு மட்டும் இந்த மருந்துகள் ஆகாது. மூன்று நாட்கள் மலம் போகவில்லை என்றால் அதைக் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். வயிறு உப்பி வலிப்பவருக்கு மார்பினை மேலும் கூட்டினால் சிக்கலும் கூடும்.

மாத்திரை விஷயத்தில் ஒரு தடை. 12 மணி நேரத்துக்கு மெதுவாகக் கரையும் மார்பின் மாத்திரையை ஒருபோதும் பொடிக்காதீர்கள், நீரில் கரைக்காதீர்கள். அரை நாள் மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கிவிடும். விழுங்கச் சிரமப்படுகிறார் என்று நல்லெண்ணத்தோடு பொடித்துக் கொடுப்பதுதான் இதில் நடக்கும் ஆபத்து.

ஃபென்டானில் ஒட்டுப்பட்டைக்கு வேறு கணக்கு. ஒட்டியதும் வேலை செய்யாது. 12 முதல் 24 மணி நேரம் ஆகும். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பட்டையின்மேல் வெந்நீர்ப் பை, வெப்பப் போர்வை எதுவும் படக்கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். கடுங்காய்ச்சலும் அதே வேலையைச் செய்யும். இவ்வளவு மெதுவானது என்பதால் கடைசி சில நாட்களில் புதிதாகத் தொடங்க இது ஏற்றதல்ல. ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அப்படியே விட்டு, மேலே வேண்டியதை ஊசியாகச் சேர்ப்பார்கள்.

நரம்பு வலிக்கு மார்பின் மட்டும் போதாமல் போகலாம். அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை துணைக்கு வரும். எலும்பு வலிக்கு வீக்கம் தணிக்கும் மருந்துகளும், நோயாளிக்கு இன்னும் வாரங்கள் இருக்குமென்றால் ஒரே ஒரு தடவை தரும் கதிர்வீச்சும் உதவும். கட்டியைச் சுற்றிய வீக்கத்தால் வரும் அழுத்தத்துக்கு டெக்சாமெத்தசோன் உண்டு.

படி 4: விழுங்க முடியாத நாள் வந்தால்

அந்த நாள் வந்தே தீரும். வாயில் போட்ட மாத்திரை மாலையில் கன்னத்துக்குள் அப்படியே இருப்பதைக் கண்டால் வந்துவிட்டது என்று அறியுங்கள். விழுங்க முடியவில்லை என்பதற்காக வலி மருந்தை நிறுத்திவிடக்கூடாது. வழியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தோலுக்கு அடியில் சிறு ஊசியைப் பொருத்தி, சிரிஞ்சு பம்பு மூலம் 24 மணி நேரமும் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்துவது மிக வசதியான முறை. இரத்தக்குழாயைத் தேடிக் குத்த வேண்டியதில்லை. மேற்கை, நெஞ்சின் மேற்பகுதி, தொடை ஆகியவை ஏற்ற இடங்கள். நீர் கோத்து வீங்கிய இடம் ஆகாது. ஊசி இருக்கும் இடத்தைத் தினமும் பாருங்கள்: சிவப்பு, வீக்கம், கசிவு தெரிந்தால் செவிலியரை அழைத்து இடம் மாற்றச் சொல்லுங்கள். பம்பு இல்லையென்றால் அதே சிறு ஊசி வழியாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். வாய்வழி அளவும் ஊசி அளவும் ஒன்றல்ல. தோலடி மார்பின் பொதுவாக வாய்வழி அளவில் பாதியோ அதற்கும் குறைவோ. இந்த மாற்றுக் கணக்கை வீட்டில் போடக்கூடாது.

படி 5: உடலைப் பேணும் வேலை

வாயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். வாய் திறந்து மூச்சு விடுபவரின் நாக்கு சில மணி நேரத்தில் தோல் போலக் காய்ந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மென்மையான பிரஷ்ஷையோ நனைத்துப் பிழிந்த பஞ்சையோ கொண்டு கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு எல்லாவற்றையும் துடையுங்கள். நீர் சொட்டும்படி நனைக்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உதட்டுக்குச் சிறிது களிம்பு. எலுமிச்சை சேர்த்த கிளிசரின் பஞ்சுகள் முதலில் இதமாகத் தோன்றினாலும் வாயை மேலும் உலர்த்திவிடும், தவிர்த்துவிடுங்கள். நாக்கில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, அந்தத் தொற்று தரும் எரிச்சலும் வலியில் சேர்ந்ததுதான். பொய்ப்பல் தளர்ந்து ஆடினால் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது புரட்டுதல். கடிகாரத்துக்கு இங்கேயும் வேலை உண்டு. புரட்டினாலோ துடைத்துவிட்டாலோ வலிக்கும் என்றால், வாய்வழி மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். தோலடி ஊசியென்றால் 15 முதல் 20 நிமிடம் போதும். இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே காலை நேரத்து அலறல் பாதி குறைந்துவிடும் என்பது என் அனுபவம். இரண்டு பேர் நில்லுங்கள். அடியில் மடித்துப் போட்ட குறுக்கு விரிப்பைப் பிடித்து நகர்த்துங்கள். கையையோ அக்குளையோ பிடித்து இழுக்காதீர்கள், தோல் விரிப்பில் உராய்ந்து கிழியும். முழுப் பக்கவாட்டில் சாய்க்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை அளவுக்குச் சாய்த்தால் இடுப்பெலும்பின்மேல் பாரம் விழாது. குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். செய்யப்போவதை ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லுங்கள், அவர் மயக்கத்தில் இருந்தாலும்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது? வாரங்கள் இருக்கும் என்றால் 2 முதல் 4 மணி நேரம். கடைசி ஓரிரு நாட்களில், புரட்டும் ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுளிக்கிறார் என்றால் இடைவெளியை நீட்டுங்கள். படுக்கைப்புண் வராமல் தடுப்பதைவிட அந்த நேரத்தில் அவருடைய நிம்மதி பெரிது. காற்று மெத்தை கிடைத்தால் இந்தத் தடுமாற்றம் குறையும். நல்ல பராமரிப்பிலும் சிலருக்குக் கடைசி நாட்களில் தோல் தானாகவே உடைவதுண்டு. உடலின் மற்ற உறுப்புகளைப் போலத் தோலும் ஓய்ந்துபோகிறது. உங்கள்மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சிறுநீர் பற்றி ஒரு சம்பவம். இரவுப் பணியில் ஒருமுறை, படுக்கையில் புரண்டு, துணியைப் பிய்த்து, எழுந்து ஓட முயன்ற ஒருவருக்கு மயக்க மருந்தைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கொடுக்கும் முன் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பாறை போல் இருந்தது. குழாய் செருகியதும் சிறுநீர் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டார். சிறுநீர் கட்டினாலும் மலம் இறுகினாலும் சொல்லத் தெரியாதவர் இப்படித்தான் சொல்வார்.

படி 6: மூச்சுத்திணறலும் மனக்கலக்கமும்

மூச்சுத்திணறும்போது தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், சன்னலைத் திறங்கள், சிறு மின்விசிறியை முகத்துக்கு நேராக வையுங்கள். கன்னத்தில் படும் காற்று மூச்சு முட்டும் உணர்வைக் குறைக்கிறது. குறைந்த அளவு மார்பின் மூச்சுத்திணறலையும் தணிக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவருக்கு ஆக்சிஜன் குழாய் மூக்கை உலர்த்துவதைத் தவிரப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. அறையில் கூட்டத்தைக் குறையுங்கள். பக்கத்தில் ஒருவர் அமர்ந்து நிதானமாக மூச்சு விட்டாலே அவர் மூச்சும் மெல்ல இறங்கி வருவதைப் பார்க்கலாம்.

கலக்கமும் பிதற்றலும் வந்தால் வரிசையாகச் சோதியுங்கள்: வலியா, சிறுநீர் கட்டியதா, மலச்சிக்கலா, காய்ச்சலா, புதிதாகச் சேர்த்த மருந்தா, திடீரென நிறுத்திய புகையிலையா, மதுவா? எதுவும் இல்லையென்றால் ஹாலோபெரிடால், மிடசோலம் போன்ற மருந்துகளுக்கு மருத்துவரை நாடுங்கள். அறையில் மங்கிய வெளிச்சம் இருக்கட்டும். இல்லாதவரைக் காண்பதாகச் சொன்னால் வாதாடி மறுக்காதீர்கள். அவருக்கு அச்சமாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இறந்துபோன தாயைக் கண்டு சிரிப்பவருக்கு எந்த மருந்தும் தேவையில்லை.

பெரிய இரத்தக்குழாய்க்கு அருகில் கட்டி உள்ளவர்களுக்குத் திடீர் இரத்தப்போக்கு வரலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தால், அடர்ந்த நிறத் துண்டுகள் சிலவற்றைக் கட்டிலடியில் வைத்திருங்கள். வெள்ளைத் துணியில் இரத்தத்தைக் காண்பது நோயாளியையும் உங்களையும் கூடுதலாகக் கலங்கவைக்கும்.

படி 7: உணவும் நீரும்

இங்கேதான் வீட்டார் அதிகம் உடைந்துபோகிறார்கள். சாப்பிடாததால் இறக்கிறார் என்று தோன்றும். உண்மையில் உடல் ஓய்ந்துகொண்டிருப்பதால்தான் பசி போய்விட்டது. கேட்டால் கொடுங்கள், இரண்டு கரண்டியோடு நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். விழிப்பாக, நிமிர்ந்து இருக்கும்போது மட்டும் கொடுங்கள். வற்புறுத்தி ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போகும். கடைசி நாட்களில் ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில் பெரும்பாலும் கால் வீக்கத்தையும் தொண்டைச் சளியையும் கூட்டிவிடும். தாகம் என்று தோன்றுவது பெரும்பாலும் வாய் உலர்தலே. அதற்கு மருந்து ஐந்தாம் படியில் சொன்ன ஈரப் பஞ்சு.

படி 8: கடைசி மணி நேரங்கள்

முற்றிலும் படுக்கையோடு இருத்தல், அரை மயக்கம், துளித்துளியாக மட்டும் நீர் இறங்குதல், மாத்திரை விழுங்க முடியாமை ஆகியவை சேர்ந்து வந்தால், திரும்பச் சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் இல்லாதபோது, இருப்பது நாட்களே என்று கொள்ளலாம். பிறகு கைகால் குளிரும், முழங்காலிலும் பாதத்திலும் ஊதா நிறத்தில் வலை போன்ற திட்டுகள் படரும், சிறுநீர் குறைந்து கறுக்கும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, அரை நிமிடம் நின்று, மறுபடி தொடங்கும். இந்த இடைவெளி பார்ப்பவரைத்தான் திகிலடைய வைக்கும். இரத்த அழுத்தம் பார்ப்பதையும் சர்க்கரைக்குக் குத்துவதையும் பெரும்பாலும் நிறுத்திவிடலாம்; மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்டையில் சளி இரையும் ஒலி கேட்கும். விழுங்கவும் இருமவும் வலுவில்லாததால் எச்சில் அங்கே தங்குகிறது. முகம் தளர்ந்து அமைதியாக இருந்தால் அவர் அதனால் அவதிப்படவில்லை. பக்கவாட்டில் சாய்த்து, தலையைச் சற்று தாழ்த்தினால் பெரும்பாலும் குறையும். உறிஞ்சு குழாயைத் தொண்டைக்குள் விடுவது வேதனை, பயனும் குறைவு. ஹயோசின் பியூடைல்புரோமைடு போன்ற மருந்து புதிதாகச் சுரப்பதைக் குறைக்குமே தவிர, ஏற்கெனவே தேங்கியதை வற்றவைக்காது; எனவே ஒலி தொடங்கியதுமே கொடுப்பது நல்லது.

மயக்கத்திலும் வலி மருந்து நேரப்படி தொடரட்டும். பதில் இல்லை என்றாலும் பேசுங்கள். கேட்கும் திறன் கடைசிவரை இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு நடந்துகொள்வதால் இழப்பு ஒன்றுமில்லை. சொத்துத் தகராறை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். முறைவைத்துத் தூங்குங்கள். எல்லோரும் சுற்றி இருந்தபோது காத்திருந்துவிட்டு, ஐந்து நிமிடம் தனிமை கிடைத்ததும் போய்விடுபவர்கள் பலர். அதற்காகத் தலையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளை நான் அதிகம் தேற்றியிருக்கிறேன்.

இன்னொரு கேள்வியை வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "நான் கொடுத்த அந்த ஊசியால்தானா?" நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்தால், அவற்றில் ஏதோ ஒரு வேளை கடைசி வேளையாக அமையத்தான் செய்யும். அதை யாராவது ஒருவர் கொடுத்திருப்பார். எழுதிய அளவை எழுதிய நேரத்தில் கொடுத்தவர் உயிரைப் பறிக்கவில்லை; போகும் உயிருக்கு வலி இல்லாமல் பார்த்துக்கொண்டார். அளவும் நேரமும் குறிப்பேட்டில் இருந்தால் இதை அவருக்குக் காட்டியே சொல்ல முடியும்.

படி 9: மூச்சு நின்ற பிறகு

உடனே எதுவும் செய்ய வேண்டியதில்லை. எதிர்பார்த்த மரணம் என்றால் அவசர ஊர்தியை அழைக்கத் தேவையில்லை; முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் மருத்துவரின் எண்ணை அழையுங்கள். அருகில் அமர விரும்புபவர்கள் அமரட்டும். உடல் விறைக்கத் தொடங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம்; அதற்குள் நேராகப் படுக்கவைத்து, இமைகளைச் சில நொடிகள் மெல்ல அழுத்தி மூடி, தாடைக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். புரட்டும்போது நுரையீரலில் மிஞ்சிய காற்று வெளியேறிப் பெருமூச்சு போல ஒலிக்கலாம், திடுக்கிட வேண்டாம். சிறுநீரும் மலமும் வரக்கூடும். அடியில் விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். பம்பையும் குழாய்களையும் மருத்துவர் பார்த்து உறுதிசெய்த பிறகே அகற்றுங்கள்.

ஃபென்டானில் பட்டையை எடுத்ததும் பசைப்பக்கம் உள்ளே இருக்கும்படி மடியுங்கள். பயன்படுத்திய பட்டையிலும் ஒரு குழந்தையைக் கொல்லும் அளவு மருந்து மிஞ்சியிருக்கும். மீதமுள்ள மார்பினை எண்ணி, எழுதி, கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். குறிப்பேட்டில் கடைசியாக மூச்சு நின்ற மணியை எழுதுங்கள். மருத்துவர் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்.